கத்திரி வெயிலில் மாடித்தோட்டம்: மே மாதத்தில் செடி செடியாகப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலைகள்

தைப்பட்டத்தில் விதைத்தவர்கள் எல்லோருக்கும் மே பத்தாம் தேதி வாக்கில் ஒரே கவலைதான். தக்காளி பூக்கிறது, காய் பிடிக்கவில்லை. வெண்டை இலை வெளுக்கிறது. பீர்க்கங்கொடியில் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது. மிளகாய் சுருட்டிக்கொண்டு நிற்கிறது. உடனே உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் போடுவோம், அல்லது பூச்சி என்று நினைத்து எதையாவது அடிப்போம். இரண்டுமே இந்த மாதத்தில் பல சமயம் தவறாகப் போகும்.

நான் திருச்சியில் மொட்டை மாடியில் ஒன்பது கோடையாகக் காய்கறி வளர்க்கிறேன். இத்தனை வருடத்தில் கோடையைப் பற்றி எனக்குப் பிடிபட்டது இதுதான்: மே மாதத்தில் தோட்டம் முழுவதற்கும் ஒரே வைத்தியம் பார்க்கக் கூடாது. எந்தச் செடிக்கு வயதாகிவிட்டது, எது வெயிலில் வாடியது, எது உண்மையிலேயே நோயில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தையில் விதைத்த தக்காளிக்கு இப்போது நூறு நாளைத் தாண்டியிருக்கும், அதன் ஆயுளே முடியப் போகிறது. அதற்கு உரம் போட்டு என்ன பயன்? அதே தையில் வைத்த கத்தரி அப்படி இல்லை, வெட்டிவிட்டால் இன்னும் பல மாதம் காய்க்கும். கீழே சொல்லும் வேலைகளை நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை: இரண்டு நேரம் பார்ப்பது

ஒரே நாளில் காலை ஆறு மணிக்கு ஒரு முறை, மதியம் இரண்டரை மணிக்கு ஒரு முறை மாடிக்குப் போங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். மதியம் இலை தொங்கி, மாலையில் தண்ணீர் ஊற்றும் முன்பே தானாக நிமிர்ந்துவிட்டால் அந்தச் செடி நலமாக இருக்கிறது. வேர் உறிஞ்சுவதைவிட இலை வேகமாக நீரை விடுவதால் வரும் வாட்டம் அது, பூசணி, பீர்க்கு மாதிரி அகல இலைக் கொடிகளில் தினமும் நடக்கும். காலை ஆறு மணிக்கே தொங்கிக் கிடந்தால்தான் கவனிக்க வேண்டும். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர்ப் பிரச்சனை. ஈரமாக இருந்தும் வாடியிருந்தால் வேரில் ஏதோ கோளாறு, அழுகலோ நூற்புழுவோ இருக்கலாம், அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் போய்விடும்.

இதைப் பிரிக்கத் தெரியாமல் என் இரண்டாவது கோடையில் மதியம் வாடிய எல்லாவற்றுக்கும் அந்த நேரத்திலேயே குழாயைத் திருப்பினேன். ஆறு கத்தரிச் செடி வேர் அழுகிப் போனது. மொட்டை மாடியில் கிடக்கும் குழாய்க்குள் மதியம் நிற்கும் தண்ணீர் கை பொறுக்காத சூடு. கருப்புத் தொட்டித் தண்ணீரும் அப்படித்தான். மாலையில் ஊற்றுவதானால் முதலில் வரும் சூட்டுத் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து ஆற வைத்துவிட்டு, பிறகு வருவதை விடுங்கள்.

தண்ணீர்

காலை ஏழு மணிக்குள் ஒரு முறை நன்றாக, பையின் அடியில் சொட்டும் வரை. 12 அங்குலப் பை போன்ற சின்னப் பைகளுக்கு மாலை ஐந்தரைக்கு மேல் இன்னொரு முறை கொஞ்சமாக. 18, 24 அங்குலப் பைகளில் மூடாக்கு (மண்ணின் மேல் பரப்பும் காய்ந்த இலை, வைக்கோல்) இருந்தால் பெரும்பாலும் காலைத் தண்ணீர் போதும்.

இதில் நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. தேங்காய் நார்க்கழிவு அதிகம் கலந்த மண் ஒரு முறை முழுக்கக் காய்ந்துவிட்டால் பிறகு தண்ணீரை ஏற்காது. பக்கச் சுவரை விட்டு விலகிச் சுருங்கிவிடும், ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடி அரை நிமிடத்தில் அடியில் வந்துவிடும். பார்ப்பவருக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது போலத் தோன்றும், நடுவில் வேர் இருக்கும் இடம் தூளாகக் கிடக்கும். பையைத் தூக்கிப் பாருங்கள், லேசாக இருந்தால் இதுதான் காரணம். மேல் மண்ணை ஒரு அங்குலம் கிளறிவிட்டு, பத்து நிமிட இடைவெளியில் மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சின்னத் தொட்டி என்றால் ஒரு அகலப் பாத்திரத்தில் பாதி முங்க அரை மணி நேரம் உட்கார வைத்தாலே சரியாகிவிடும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கோடையில் உப்பேறும். மண்ணின் மேலே வெள்ளைப் பொருக்கு, இலை ஓரம் தீய்ந்த மாதிரி பழுப்பு, இரண்டும் சேர்ந்து தெரிந்தால் உப்புதான். பொருக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் விட்டு அடியில் ஓட விடுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, ஒரு வாளி வைத்துப் பிடித்தால் நாற்றுகளுக்கும் கறிவேப்பிலைக்கும் நல்லது. ஆர்ஓ இயந்திரத்தின் கழிவு நீரை மட்டும் செடிக்கு விடாதீர்கள், வீட்டிலேயே உப்பு அதிகமான தண்ணீர் அதுதான்.

மே விடுமுறையில் நான்கைந்து நாள் ஊருக்குப் போகிறவர்கள், பைகளையெல்லாம் தண்ணீர்த் தொட்டியின் நிழலிலோ மாடியின் மேற்குச் சுவரோரமோ நெருக்கி வையுங்கள், சுவர் நிழல் பிற்பகல் வெயிலை மறைக்கும். பெரிய பைகளில் பூச்சில்லாத சின்ன மண் கலயம் ஒன்றைக் கழுத்து வரை புதைத்து, நிரப்பி, மூடி வைத்துவிட்டுப் போகலாம். மண் காயக் காய அதிலிருந்து நீர் கசியும். சொட்டுநீர் போட்டிருந்தால் கிளம்புவதற்கு முந்தின நாளே ஒவ்வொரு சொட்டுவானும் சொட்டுகிறதா என்று கண்ணால் பாருங்கள், உப்புத் தண்ணீரில் அடிக்கடி அடைக்கும்.

மூடாக்கும் தரையும்

காய்ந்த இலை, கரும்புச் சோகை, வைக்கோல், தேங்காய் மட்டை, கிடைத்ததை இரண்டு அங்குலம் போடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் போட வேண்டாம், நாலு விரல் விட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும், எறும்பு குடியேறும். பைகள் நேராகத் தரையில் உட்கார்ந்திருந்தால் இரண்டு செங்கல் வைத்துத் தூக்கிவிடுங்கள். காங்கிரீட் தரை பகல் முழுக்கக் குடித்த சூட்டை இரவெல்லாம் கக்கும், அடி வேர் வேகும். செங்கல் வைத்தால் அடியில் காற்று ஓடும், தளத்தில் ஈரம் தேங்காது.

நிழல்வலை

35 அல்லது 50 சதவீத வலை போதும். 75 சதவீதம் வாங்கிவிட்டால் செடி வெளிச்சம் தேடி நீளுமே தவிரக் காய்க்காது. உயரம் ஏழெட்டு அடியாவது இருக்க வேண்டும், தாழக் கட்டினால் சூடு உள்ளேயே நிற்கும். முழு மாடியையும் மூட வேண்டிய அவசியம் இல்லை. எனக்கு மேற்குப் பக்கம் செங்குத்தாக ஒரு வலை தொங்கவிட்டதுதான் அதிகப் பலன் கொடுத்தது, இரண்டிலிருந்து ஐந்து மணி வரை அடிக்கும் சாய்ந்த வெயில்தான் செடியைச் சோர வைக்கிறது. வலையை நான்கு மூலையில் மட்டும் கட்டாதீர்கள். கோடை மழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்று ஒரே இழுப்பில் பிய்த்துவிடும். கம்பியில் இரண்டடிக்கு ஒரு கட்டு போடுங்கள்.

செடி செடியாக

*தக்காளி.* பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 25-க்குக் கீழே இறங்காத நாட்களில் தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. பூ, காம்பில் இருக்கும் கணுவோடு முறிந்து விழும். இது உரக் குறைவு இல்லை, திருச்சி, வேலூர், கரூர் பக்கம் மே மாத இரவுகள் அப்படி. இன்னொன்று, 30 டிகிரிக்கு மேல் போனால் பழத்துக்குச் சிவப்பு தரும் லைகோபீன் சரியாக உருவாகாது, அதனால்தான் இப்போது பழுப்பது மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கிறது. லேசாக நிறம் திரும்பியதுமே பறித்து வீட்டுக்குள் குளிர்ச்சியான மூலையில் வைத்துப் பழுக்க விடுங்கள், நிறமும் நன்றாக வரும், அணிலுக்கும் போகாது. காயின் அடிப்பாகம் கருத்துத் தோல் மாதிரி ஆவதற்குக் காரணம் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததுதான். மண்ணில் அது இருந்தாலும், ஒரு நாள் வறட்சி ஒரு நாள் வெள்ளம் என்று தண்ணீர் விட்டால் ஏறாது. முதலில் தண்ணீரை ஒழுங்காக்குங்கள், முட்டை ஓட்டுத் தூள் எல்லாம் பிறகு. நூறு நாளைத் தாண்டி, கீழ் இலை எல்லாம் காய்ந்த செடியை யோசிக்காமல் எடுத்துவிடலாம். தெம்பாக இருக்கும் இளஞ்செடியை மட்டும் நிழலுக்கு மாற்றிக் காப்பாற்றுங்கள்.

*கத்தரி.* எனக்குக் கோடையில் மிகவும் பிடித்த வேலை கத்தரிக் கவாத்துதான். காய்த்து ஓய்ந்த செடியைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், இரண்டு மூன்று நல்ல கிளைகளை வைத்துக்கொண்டு சாய்வாக வெட்டுங்கள். மேலே நிழல் இருக்கட்டும், மண்ணில் இரண்டு கை மண்புழு உரம் கலந்துவிட்டு அளவாகத் தண்ணீர் விடுங்கள். மூன்று வாரத்தில் புதுத் துளிர் அடர்ந்து வரும், ஜூன் கடைசியில் பூக்கும். கவாத்து செய்யாத செடிகளில் நுனித் தண்டு மட்டும் தனியாக வாடித் தொங்கினால் உள்ளே தண்டுத்துளைப்பான் புழு இருக்கிறது. வாடிய இடத்துக்குக் கீழே ஒரு சாண் சேர்த்து வெட்டி, உள்ளே புழு இருக்கிறதா என்று பிளந்து பார்த்து அழித்துவிடுங்கள். செடியடியில் போட்டால் வெட்டியதே வீண்.

*மிளகாய்.* இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்கினால் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்தி என்ற, கண்ணுக்கு எளிதில் தெரியாத பேன். இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய்க் கரைசலும் நீல ஒட்டுப்பொறியும். சிலந்திக்கு, பாதித்த நுனிகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம் என்று சிலர் அடிப்பார்கள். ஆனால் கடும் வெயிலில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும் என்பதால் மே மாதத்தில் நான் அதைத் தொடுவதில்லை, நுனி கிள்ளுவதும் வேப்பெண்ணெயும்தான்.

*வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு.* இவை மூன்றும் வெயில் பிள்ளைகள். இப்போது விதைத்தாலும் வரும். வெண்டை 45 நாளில் முதல் காய் தரும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். இரண்டு காய் முற்றவிட்டாலே செடி, வேலை முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். இலை நரம்பு மட்டும் மஞ்சள் வலை மாதிரி ஆகிவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் நரம்புத் தேமல், குணமாகாது. மனம் கேட்காவிட்டாலும் பிடுங்குங்கள், மற்றவை பிழைக்கும்.

*கொடிகள்.* வெப்பமும் நீண்ட பகலும் சேர்ந்தால் பூசணிக் குடும்பக் கொடிகளில் ஆண் பூ அதிகம், பெண் பூ குறைவு. இருக்கும் பெண் பூவிலும் தேனீ வராமல் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். கையால் மகரந்தம் சேர்த்துவிடலாம், ஆனால் நேரம் தெரிந்திருக்க வேண்டும். பூசணி, பாகல், வெள்ளரி விடியற்காலையில் பூக்கும், எட்டு மணிக்குள் செய்ய வேண்டும். சுரையும் பீர்க்கும் புடலும் சாயங்காலம் பூப்பவை, காலையில் தூரிகையோடு போய் நின்றால் அந்தப் பூவின் நேரம் முடிந்திருக்கும். பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்பு. ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கிவிட்டு நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவினால் போதும். பிஞ்சு விரல் நீளம் வந்ததும் காகிதப் பையோ மெல்லிய துணியோ கட்டிவிடுங்கள், பழ ஈ குத்தாது.

இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சுரைக்காய் கசந்தால் சாப்பிடாதீர்கள். வெள்ளரியும் அப்படியே. நறுக்கும்போது ஒரு சின்னத் துண்டை நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டுக் காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள்தான் அந்தக் கசப்பு, வேக வைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து நம் நாட்டில் உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள்.

*அவரை.* இலையும் கொடியுமாகப் பந்தல் நிறைந்து பூவே இல்லை என்று வருத்தப்படுபவர்களுக்கு: நாட்டு அவரை பகல் சுருங்கும் காலத்தில்தான் பூக்கும். அதுவரை அதற்கு எந்த டானிக் கொடுத்தாலும் பூக்காது. இடம் வேண்டுமானால் எடுத்துவிட்டு ஆடியில் புதிதாக ஊன்றுங்கள்.

*கீரை.* சிறுகீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை எல்லாம் வரும், சிறுகீரை 25 நாளில் பறிக்கலாம். கொத்தமல்லி வெயிலில் சீக்கிரம் பூத்துவிடும், புதினாவோடு சேர்த்துப் பகல் நிழலில் வையுங்கள்.

பூச்சிகள்

கோடைக்கென்றே இரண்டு எதிரிகள். ஒன்று செம்பேன்: இலை மேல் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளி, கீழே மெல்லிய நூலாம்படை. வறட்சியும் தூசியும் இருந்தால் பெருகும். மூன்று நாளுக்கு ஒரு முறை காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை விசையாக அடித்தாலே பாதி குறையும்.

இன்னொன்று மாவுப்பூச்சி. முதலில் எறும்பைப் பாருங்கள், மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், செடி விட்டுச் செடியும் தூக்கிப் போகும். நிறைய அப்பிய கிளையை வெட்டி ஒரு கவரில் கட்டி வெயிலில் போட்டுவிட்டு, மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து மாலை ஐந்தரைக்கு மேல் அடியுங்கள். வெயிலில் அடித்தால் எண்ணெய் இலையைக் கருக்கும். ஐந்து நாள் கழித்து மறுபடி ஒரு முறை.

கடையில் விற்கும் கடுமையான பூச்சிக்கொல்லி பக்கம் போகாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி இரண்டே வருடத்தில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் படுத்தி எடுத்தது. என்ன அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட அசெரோபேகஸ் என்ற, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. இந்த மாதிரி குளவியும் பொறிவண்டும் உங்கள் மாடியிலும் இருக்கும். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் மாவு பூசியது போலவே, ஆனால் பெரிதாகவும் வேகமாகவும் ஒன்று நடந்தால் அது பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். நசுக்கும் முன் ஒரு நிமிடம் பாருங்கள்.

ஊட்டம்

குறைவாகவும் நீர்க்கவும் கொடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி, மாலையில், ஈரமான மண்ணுக்கு. பூ உதிர்வுக்குத் தேமோர்க் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்க வைத்தது) லிட்டருக்கு 50 மில்லி தெளிக்கலாம். மட்காத சாணமும் புண்ணாக்குக் கட்டியும் இந்த வெயிலில் மண்ணுக்குள் சூடேறி வேரைக் கெடுக்கும், இப்போது வேண்டாம்.

காலியான பைகளின் மண்

சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பார்கள். வயலுக்குச் சொன்னது மாடிக்கும் பொருந்தும். செடி எடுத்த பையைக் கவிழ்த்து, வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அந்த மண்ணை மட்டும் தனியாக வையுங்கள். மற்ற மண்ணைத் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி ஒரு வாரம் காயவிட்டு, கட்டி உடைத்து, அள்ளி வைத்தால் போதும்.

நூற்புழு மண்ணுக்கு வேறு முறை. அதை ஈரப்படுத்தி ஆறு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, மேலே கண்ணாடி மாதிரி தெளிவான பாலித்தீன் தாளைப் போர்த்தி, ஓரமெல்லாம் காற்றுப் புகாமல் செங்கல் வைத்து நான்கிலிருந்து ஆறு வாரம் விட்டுவிடுங்கள். கருப்புத் தாள் வேண்டாம், தெளிவான தாள்தான் வெயிலை உள்ளே விட்டு மண்ணைச் சுட வைக்கும். ஈரம் இல்லாமல் மூடினாலும் சூடு உள்ளே இறங்காது. வருடத்தில் இதற்கு மே மாதத்தை விட்டால் வேறு நல்ல காலம் இல்லை. எடுத்தபின் வேப்பம் புண்ணாக்கு ஒரு கைப்பிடி, தொழுவுரம், அதில் வளர்த்த டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை எல்லாம் கலந்து, நிழலில் ஈரமாகப் பதினைந்து நாள் வைத்துப் பயன்படுத்துங்கள். நன்மை செய்யும் உயிரிகளும் அந்தச் சூட்டில் குறைந்திருக்கும் என்பதால் இந்தப் பதினைந்து நாளை விட்டுவிடக் கூடாது.

விதையும் நாற்றும்

நன்றாகக் காய்த்த வெண்டை, கொத்தவரைச் செடிகளில் நல்ல காய் நான்கைந்தை முற்ற விட்டு, காய்ந்ததும் எடுத்து, நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து வையுங்கள். இப்போது காயும் விதையில் ஈரம் தங்காது.

ஆடி பிறப்பது ஜூலை 17 வாக்கில். மிளகாய் நாற்றுக்கு நாற்பது நாள், கத்தரிக்கு முப்பதுக்குச் சற்று மேல், தக்காளிக்கு இருபத்தைந்து நாள் என்று பின்னோக்கி எண்ணினால், ஜூன் 7 வாக்கில் மிளகாய், ஜூன் 15 வாக்கில் கத்தரி, ஜூன் 22 வாக்கில் தக்காளி குழித்தட்டில் விழ வேண்டும். தட்டுகளை நிழல்வலைக்குள் வைத்து, முளைக்கும் வரை மேலே ஈரச் சணல் சாக்கு போடுங்கள், முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிடுங்கள். இதற்கிடையில் பந்தல் கம்பிகளை ஒரு முறை அசைத்துப் பார்த்து, துருப்பிடித்த கட்டுக்கம்பிகளை மாற்றி, உயரமான செடிகளுக்கு ஊன்றுகோல் கட்டிவிடுங்கள். ஆனி பிறந்ததுமே மேல்காற்று தொடங்கிவிடும், அதன் பிறகு மாடியில் நின்று கயிறு கட்டுவது பெரிய பாடு.